கையைப் பிடித்த கை

பெரிய புராணத்தைப் பிரசங்கமாகக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதில் சிந்தும் ரத்தம் அவ்வளவாக உறுத்துவதில்லை. பிரசங்கியின் குரலும் ஆர்மோனியமும் இல்லாமல், நூலைத் தனியே எடுத்துவைத்துக்கொண்டு வாசிக்கிறவர்களுக்கோ, அன்பைச் சொல்லவந்த ஒரு காவியத்தில் இத்தனை அடியார்கள் தம்முடைய சரீரத்தின்மீதே ஏன் ஆயுதத்தை ஓங்குகிறார்கள் என்ற கேள்வி எழாமல் இராது. அரிவாட்டாய நாயனார் இறைவனுக்கென்று சுமந்து சென்ற செந்நெல் அரிசியும் கீரையும் மாவடுவும் கால் தடுக்கியதில் நிலவெடிப்புக்குள் சிந்திப்போனதும் கையிலிருந்த அரிவாளைத் தம் கழுத்திலேயே பூட்டுகிறார். திருக்குறிப்புத் தொண்டர், மாலைக்குள் வெளுத்துத் தருவதாக ஒரு கிழவருக்குக் கொடுத்த வாக்கை மழை கெடுத்துவிட்டதென்று, துணி துவைக்கிற கல்லிலே தலையை மோதுகிறார். கலிய நாயனார் திருவொற்றியூரில் விளக்கெரிக்க எண்ணெய் கிடைக்காத இரவில் தம் உதிரத்தையே வார்க்கத் துணிகிறார். மூன்று கதைகளிலும் அடுத்து நிகழ்வது ஒன்றே: ஒரு கை வந்து அவரைப் பிடித்துக்கொள்கிறது. வெடிப்புக்குள்ளிருந்தும் வருகிறது, கல்லுக்குள்ளிருந்தும் வருகிறது.

முதலில் பிடித்தல், காட்சி கொடுத்தலும் வரம் அருளலும் அதற்குப் பின்புதான். செய்தது சரியா தவறா என்ற விசாரணைக்கு அங்கே இடமேயில்லை. கண்ணப்பர் கதை இந்த விதிக்குள் அடங்காது என்று யாரேனும் ஆட்சேபிக்கலாம், அந்த ஆட்சேபம் நியாயமானதும்கூட. முதற்கண் போகும்வரை காளத்தியப்பர் சும்மா இருந்தார், இரண்டாவது கண்ணுக்குத்தான் கை நீண்டது. பக்தியின் அளவைத் திண்ணனாகிய கண்ணப்பருக்கல்ல, அங்கே பூசை செய்துவந்த சிவகோசரியாருக்குக் காட்டவேண்டியிருந்தது என்று உரைகாரர்கள் சமாதானம் சொல்வார்கள். எனக்கு அந்தச் சமாதானம் முழுத் திருப்தி தந்ததில்லை. ஆயினும் அங்கேயும் கை வராமல் போகவில்லை என்பதை மறுப்பதற்கில்லை.

இந்தப் புராண விசாரம் பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களை நினைக்கும்போது எனக்கு வெறும் இலக்கிய விசாரமாக நிற்பதில்லை. பருத்தியும் மக்காச்சோளமும் விளைகிற கரிசல் பூமி அது. அரிவாட்டாயர் கதையில் வரும் வெடிப்பைச் சித்திரம் போட்டுக் காட்டவேண்டிய அவசியம் அங்கே இல்லை, கோடையில் வேப்பந்தட்டைப் பக்கமோ குன்னம் பக்கமோ வயலில் இறங்கி நின்றால் காலடியிலேயே காணலாம். பருத்தி விளைகிற ஊரில் பூச்சிமருந்து இல்லாத வீடு அரிது. வீட்டுக்குள் ஒரு சண்டை, கடன்காரன் வாசலில் பேசிவிட்டுப்போன ஒரு வார்த்தை, பரீட்சையில் குறைந்துபோன மதிப்பெண், இவற்றில் ஏதோ ஒன்று ஒரு சாயங்காலத்தில் எல்லை மீறிவிட, மறுநாள் காலையில் டீக்கடையில், 'மருந்தைக் குடிச்சிடுச்சாம்' என்று குரலைத் தாழ்த்தி நாலு பேர் பேசிக்கொள்வதோடு விஷயம் முடிந்துபோகிறது. போலீஸ், பெரியாஸ்பத்திரி, பிரேதப் பரிசோதனை, நேரே சுடுகாடு. அகால மரணம் என்பதால் வீட்டுக்குள் கொண்டுவரமாட்டார்கள். பேரப்பிள்ளைகளுக்கு அந்தப் பெயரை இடமாட்டார்கள். 2022ஆம் ஆண்டில் இந்திய தேசம் முழுவதிலும் இப்படித் தம்மைத் தாமே மாய்த்துக்கொண்டவர்கள் 1,70,924 பேர் என்றும், அதில் தமிழ்நாட்டின் பங்கு 19,834 என்றும், மராட்டியத்துக்கு அடுத்த ஸ்தானம் நம்முடையது என்றும் தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குச் சொல்கிறது. உயிர் போகாமல், உடம்பில் மட்டும் காயத்தோடு, அதையும் முழுக்கைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கும் கல்லூரிக்கும் போய்வருகிற பிள்ளைகள் எந்தக் கணக்கிலும் இல்லை.

இந்தக் குழந்தைகளைப்பற்றி மதம் என்ன சொல்கிறது என்று கேட்டால் பெரியவர்கள் தயங்காமல், 'பாவம்' என்கிறார்கள். ஈசாவாஸ்ய உபநிஷத்தில் ஆத்மாவைக் கொல்கிறவர்கள் இருள் சூழ்ந்த லோகங்களை அடைவதாகச் சொல்லியிருக்கிறதே என்று பிரமாணமும் காட்டுகிறார்கள். ஆனால் அந்த மந்திரத்துக்குச் சங்கரர் எழுதிய பாஷ்யத்தைப் புரட்டிப் பார்த்தால் அவர் பேசுவது உடலை மாய்த்துக்கொள்ளுகிறவர்களைப்பற்றியே அல்ல. தன் ஸ்வரூபம் இன்னதென்று அறியாமல் வாழ்கிற அத்தனை பேரும் அவருக்கு அந்தக் கொலைகாரர்கள்தாம். அப்படியானால் குற்றவாளிக் கூண்டில் நிற்பது மருந்தைக் குடித்த பெண் அல்ல, அவளைப்பற்றி டீக்கடையில் தீர்ப்புச் சொன்ன நாமெல்லோருமே. கத்தோலிக்கத் திருச்சபையும் ஒரு காலத்தில் இப்படி இறந்தவர்களுக்குக் கோயில் சடங்கோடு அடக்கம் மறுத்தது. 1983இல் வந்த புதிய சபைச் சட்டத்தில் அந்தத் தடை இல்லை, 1992இன் மறைக்கல்வி நூலோ அவர்களுடைய ரட்சிப்பைக் குறித்து நம்பிக்கை இழக்கலாகாது என்கிறது. கொள்ளிடக்கரையை அடுத்த ஏலாக்குறிச்சிக்குத் திருக்காவலூர் என்று பெயர் சூட்டி, மாதா பேரில் கலம்பகம் பாடிய வீரமாமுனிவர், அங்கே தாம் கட்டிய கோயிலில் எழுந்தருளப்பண்ணியது அடைக்கல மாதாவை. சபைச் சட்டம் இருநூற்றைம்பது வருஷத்துக்குப் பின் வந்துசேர்ந்த இடத்தில் அந்தப் பெயர் முன்னரே நின்றுகொண்டிருந்தது. ராஜாங்கத்துச் சட்டம் இன்னும் மெதுவாக நடந்தது. 1860இன் தண்டனைச் சட்டத்து 309ஆம் பிரிவு, சாகத் துணிந்து பிழைத்தவனுக்குச் சிறை என்றது; 2017இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் அப்படிப்பட்டவன் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தான் என்றே கொள்ளவேண்டும், தண்டிக்கலாகாது என்றது; 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த புதிய சட்டத்தில் பழைய 309 இல்லை.

பாவமும் இல்லை, குற்றமும் இல்லை என்றால் பின் அது என்ன? இங்கேதான் சைவ சித்தாந்தமும் இக்காலத்து மனோதத்துவ ஆராய்ச்சியும், ஒன்றையொன்று அறியாமலே, பக்கத்துப் பக்கத்தில் வந்து நிற்கின்றன. மெய்கண்டார் வழிவந்தவர்கள் ஆன்மாவின் லக்ஷணமாகச் சொல்வது சார்ந்ததன் வண்ணமாதல்; பக்கத்தில் வைத்த பூவின் நிறத்தைத் தன் நிறமாகக் காட்டுகிற பளிங்கைப்போல, உயிர் எதைச் சார்ந்ததோ அதுவாகவே தன்னை எண்ணிக்கொள்ளும். மலம் சார்ந்தபோது மலமே தான். சிவம் சார்ந்தபோது சிவமே தான். நாம் சாதாரணமாக 'நான்' என்று சொல்லிக்கொள்வதில் பெரும்பகுதி கடன் வாங்கின நிறம். மதிப்பெண் குறைந்த பெண் அன்றைய இரவு, 'நான் வேஸ்ட்' என்கிறாள். 'எனக்கு மார்க் குறைந்தது' என்று சொல்லியிருந்தால் அது ஒரு செய்தி, பொழுது விடிந்தால் பழசாகிவிடும். 'நான் வேஸ்ட்' என்பதோ உயிர் முழுவதும் அந்த நிறத்தில் தோய்ந்துவிட்டது என்பதற்கு அடையாளம். தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளுகிறவர்களைப் பல்லாண்டு ஆராய்ந்த மனோதத்துவ நிபுணர்கள் சொல்வதும் இதையொட்டியே இருக்கிறது: நான் யார் என்பதில் நிலையின்மை, அடங்காத உணர்ச்சி வேகம், அந்த வேகத்தை எப்படியாவது நிறுத்தவேண்டும் என்ற தவிப்பில் உடம்பின்மேல் கை ஓங்குதல் ஆகிய மூன்றும் பலரிடத்தில் பிரியாமல் சேர்ந்தே வருகின்றன, பெரும்பாலோர் முடிக்க விரும்புவது உயிரை அல்ல, அந்த நேரத்து வேதனையை.

இதை ஏட்டறிவாக அல்லாமல் தன் உடம்பிலேயே அறிந்திருந்தவர் அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியையாக இருந்த மார்ஷா லினஹன். 1961இல் பதினேழு வயதுப் பெண்ணாக ஹார்ட்ஃபோர்டிலுள்ள ஒரு மனநல ஆஸ்பத்திரியில் சேர்க்கப்பட்டு, தன்னைத் தானே தாக்கிக்கொள்ளும் நோயாளியாக இரண்டு வருஷத்துக்கு மேல் அங்கேயே கிடந்தவர். பின்னாளில் மனோதத்துவம் படித்து, அத்தகைய நோயாளிகளுக்கென்றே ஒரு சிகிச்சை முறையை வகுத்து, 1993இல் நூலாகவும் வெளியிட்டு உலகப் பிரசித்தி பெற்றார். தம் பூர்வகதையை அவர் பகிரங்கமாகச் சொன்னது 2011இல், அதே ஆஸ்பத்திரியில் கூடிய சபையின் முன்புதான். 1967இல் சிகாகோவில் ஒரு சிறிய ஜெபக்கூடத்தில் முழந்தாளிட்டிருந்தபோது சிலுவை பொன்னொளி வீசக் கண்டு, ஏதோ தன்னை நோக்கி வருவதாக உணர்ந்து, எழுந்து ஓடிப்போய்த் தன்னைத் தான் நேசிப்பதாகத் தனக்கே சொல்லிக்கொண்டாராம். அதுவரை தன்னோடு பேசும்போதெல்லாம் எதிரில் நிற்கிற எவளோ ஒருத்தியோடு பேசுவதுபோல் பேசிவந்தவர், அன்றைக்குத்தான் முதன்முதலாகத் தன்மையிடத்தில் பேசியதாக நினைவுகூர்கிறார். அந்த அனுபவம் தெய்வ கிருபையா, மூளையின் வினோதமா என்று தர்க்கிப்பவர்கள் தர்க்கிக்கட்டும். நான் கவனிப்பது அவர் அதை வைத்துக்கொண்டு என்ன செய்தார் என்பதை. நோயாளிகளையெல்லாம் கூட்டி ஜெபக்கூடத்துக்கு அனுப்பவில்லை. ஜென் தியானத்திலும் பழகி, உள்ளதை உள்ளபடி ஏற்றுக்கொள்ளுதலும் அதை மாற்ற முயல்தலும் ஒன்றுக்கொன்று விரோதமல்ல, முதலாவது இல்லாமல் இரண்டாவது நடவாது என்று கண்டு, அதைக் கற்பிக்கத்தக்க பயிற்சியாக்கினார். பிறவியிலேயே உணர்ச்சி கூர்மையான ஒரு குழந்தை, 'இதுக்கெல்லாம் போய் அழுவாங்களா' என்று சதா அதட்டுகிற வீட்டில் வளர்ந்தால் என்ன ஆகும் என்று அவர் எழுதியிருப்பதை வாசிக்கும்போது அமெரிக்கா ஞாபகத்துக்கு வருவதில்லை.

அந்த ஏற்றுக்கொள்ளுதலைக் கல்லிலே பார்க்க விரும்புகிறவர்கள் கங்கைகொண்ட சோழபுரத்துக் கோயிலின் வடக்கு வாயிலருகே சற்று நின்று பார்க்கலாம். உமையோடு அமர்ந்த சிவபெருமான் கீழே கைகூப்பியிருக்கும் சண்டேசரின் தலையில் கொன்றை மாலையைச் சுற்றுகிறார். சண்டேசர் அப்போதுதான் கோபாவேசத்தில் பெற்ற தகப்பனின் காலையே வெட்டியிருக்கிற சிறுவன். அது பக்திக்குக் கிடைத்த பரிசு என்பது சம்பிரதாயமான விளக்கம்; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சிற்பி செதுக்கியிருப்பது பரிசளிக்கிற மிடுக்கை அல்ல. மாலையைப் பிடித்த விரல்கள் சிறுவனின் முடியை ஒட்டி இழைகின்றன. பையனின் தலை சற்றே சாய்ந்து கொடுக்கிறது. வெட்டியதைப்பற்றிய பேச்சே இன்னும் தொடங்கவில்லை.

இவ்வளவும் எழுதிய பின் அலகு குத்துதலைப்பற்றி மௌனம் சாதிப்பது நேர்மையாகாது. பெரம்பலூர்ச் சீமையின் அம்மன் திருவிழாக்களில், காப்புக் கட்டி, மஞ்சளாடை உடுத்து, ஒருபொழுது இருந்து வந்தவனைப் பம்பையும் உடுக்கையும் முழங்க நடுவில் நிறுத்தி, பூசாரி கன்னத்தில் திருநீற்றை அழுத்தித் தேய்த்து, வேலைச் செருகி, அதன் முனையில் எலுமிச்சம்பழத்தைக் குத்துகிறபோது, அக்குளில் கைகொடுத்து இருபுறமும் இருவர் அவனைத் தாங்கிக்கொண்டிருப்பார்கள். பெண்கள் காலில் குடம் குடமாய் மஞ்சள் நீர் ஊற்றுவார்கள். இதுவும் தன்னைத் தான் வருத்திக்கொள்வதுதானே, இதற்கும் முழுக்கைச் சட்டைக்குள் மறைந்த காயத்துக்கும் என்ன பேதம் என்று கேட்பவர்கள் உண்டு. கார்ல் மெனிங்கர் 1938இல் எழுதிய பிரசித்தமான நூலில் மதச் சடங்கில் உடலைச் சிதைப்பதையும் நோயாளி சிதைப்பதையும் ஒரே பகுதியில் வைத்தார். 1987இல் அர்மாண்டோ ஃபவாட்ஸா சமூகம் அங்கீகரித்த சடங்கை வேறாகவும் நோயை வேறாகவும் பிரித்தார். நான் பின்னவர் கட்சி. அலகு குத்துவதற்கு ஒரு நாள் உண்டு, நேர்த்தி என்ற காரணம் உண்டு, முடிவு உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகத் தாங்குகிற இருவர் உண்டு. சட்டைக்குள் மறைத்த காயத்துக்கு இவற்றில் ஒன்றுமில்லை, கதவு தாழிட்டிருக்கிறது. இப்படிச் சொல்வதனால் நமது சடங்குகளையெல்லாம் சிகிச்சையென்று புகழ்ந்துவிட்டதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். மனநோய்க்குப் பேயோட்டி, சங்கிலி போட்டுப் பிள்ளைகளை நாசம் செய்கிறவர்களும் இதே சந்நிதிகளின் பெயரைத்தான் சொல்லிக்கொள்கிறார்கள்.

இதைவிட எனக்குக் கஷ்டமான விஷயம் வேறொன்று. நம்முடைய மரபில் இப்படிப்பட்ட மரணத்தைப் பாவம் என்று தள்ளுகிற பழக்கம் ஒருபக்கம் இருக்க, அதை வீரம் என்று கொண்டாடுகிற பழக்கமும் கூடவே இருக்கிறது. கங்கைகொண்ட சோழபுரத்திலிருந்து ஆண்ட முதற்குலோத்துங்கன் காலத்துக் கலிங்கத்துப் பரணி, வீரர்கள் தம் தலையைத் தாமே அரிந்து காளிக்குக் கொடுப்பதைப் பெருமிதத்தோடு வருணிக்கிறது. பல்லவர் காலத்து மல்லம் கல்வெட்டிலும் அத்தகைய ஒரு செய்தி பதிவாகியிருக்கிறது. நம் காலத்துக்கு வந்தால், அரியலூரை அடுத்த கீழப்பழுவூர்ச் சின்னசாமி 1964 ஜனவரி 25ஆம் தேதி திருச்சி ரயில் நிலையத்தின் முன் தமிழுக்காகத் தம்மைத் தீக்கு ஈந்தார். மறு வருஷத்து இந்தி எதிர்ப்பு மொழிப் போரில் அவர் வழியில் சென்றவர்கள் சிலர். அவர் கொண்ட கொள்கையில் எனக்குப் பேதமில்லை, அவர் நினைவை நான் வணங்குகிறேன். ஆனால் ஓர் இளைஞன், மொழியும் தானும் ஒன்றே என்று தோய்ந்து நின்ற அந்த நிலையில், அவன் தோளைத் தொட்டு, 'தம்பி, தமிழுக்கு நீ உயிரோடு வேணும்' என்று சொல்ல ஒருவர் அருகில் இல்லாமல் போனதை மறைத்துவிட்டு, அந்த மரணத்தையே மேடைதோறும் மாலைபோட்டுக் காட்டியது நமக்கு அழகல்ல. 2017இல் குழுமூர் அனிதா இறந்தபோதும், பிளஸ் டூவில் 1200க்கு 1176 வாங்கிய அந்தப் பெண்ணின் நீட் தேர்வுக்கு எதிரான வழக்கு நியாயமானது என்பதற்கு அவளுடைய மரணத்தைச் சாக்ஷியாகக் காட்டினோம். வழக்கு அவள் உயிரோடிருந்தபோதே நியாயமானதாகத்தான் இருந்தது. சாவு எந்தக் கட்சிக்கும் பிரமாணமாகாது. ஆகும் என்று நாம் காட்டக் காட்ட, அதைப் பார்த்துக்கொண்டிருக்கிற வேறொரு குழந்தை அதையே தன் நிறமாக எடுத்துக்கொள்ளும்.

கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் கிழக்கே, கடலூர் மாவட்டத்து எல்லைக்குள், நாதமுனிகளும் ஆளவந்தாரும் அவதரித்த காட்டுமன்னார்கோயில் இருக்கிறது. சரணாகதியைத் தத்துவமாக்கிய அந்த மண்ணில், சென்னை மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரும் அவரோடு சேர்ந்த ஆராய்ச்சியாளர்களும் செய்த ஒரு காரியம் 2013இல் ஆராய்ச்சிக் கட்டுரையாக வெளிவந்தது. 1986இலேயே 'சிநேகா' என்ற அமைப்பை ஏற்படுத்தி, மனமுடைந்தவர்கள் சொல்வதைக் கேட்பதற்கென்று தொண்டர்களைப் பழக்கியவர் அவர். காட்டுமன்னார்கோயில் வட்டாரத்தில் நாலு கிராமங்களை எடுத்துக்கொண்டு, இரண்டில் மட்டும் ஊர்ப்பொதுவாகப் பூச்சிமருந்துக் கிடங்கு கட்டினார்கள். விவசாயிக்கு ஒரு பெட்டி, பெட்டிக்கு ஒரு பூட்டு, கிடங்கைக் கவனிக்க ஒரு பொறுப்பாளர். மருந்து வேண்டுமானால் வயலுக்குப் போகிற வழியில் எடுத்துக்கொள்ளலாம். வீட்டில் மட்டும் இருக்காது. விவசாயிகள் அதை விரும்பி ஏற்றார்கள், பலனும் நம்பிக்கையூட்டுவதாகவே இருந்தது. இவ்வளவு பெரிய துக்கத்துக்கு ஒரு பூட்டா பரிகாரம் என்று தத்துவம் படித்தவர்கள் சிரிக்கக்கூடும். மனோதத்துவ ஆராய்ச்சி அவர்களுக்குச் சொல்லும் பதில்: அந்த வேகம் பெரும்பாலும் நெடுநேரம் நிற்பதில்லை, கைக்கெட்டும் தூரத்தில் ஒன்றும் இல்லாமல் அந்தப் பொழுது கழிந்துவிட்டால் பலர் திரும்ப அந்த எண்ணத்துக்கே போவதில்லை. அடுத்த நாடான இலங்கையில் கொடிய பூச்சிமருந்துகளை ஒவ்வொன்றாகத் தடைசெய்யத் தொடங்கிய பின், 1995இல் லட்சத்துக்கு 47 என்று இருந்த தற்கொலை விகிதம் இருபது வருஷங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிவிட்டது. அங்கே மனிதர்களுடைய துக்கம் குறைந்துவிட்டதென்று யாரும் சொல்லமாட்டார்கள். நிலவெடிப்பிலிருந்து நீண்ட கை அரிவாட்டாயருடைய வேதனைக்கு விடை சொல்லவில்லை, அரிவாளை நிறுத்தியது. அந்தப் பூட்டையும் நான் அந்த வரிசையிலேதான் வைக்கிறேன்.

பெரிய புராணத்தில் மனிதக் கையே மனிதக் கையைப் பிடித்த இடமும் ஒன்று உண்டு. கருவூரில், புகழ்ச்சோழர் தம் யானை செய்த குற்றத்துக்குத் தம்மையே கொல்லும்படி உடைவாளை எறிபத்த நாயனாரிடம் நீட்ட, இப்படிப்பட்ட அன்பருக்குத் துன்பம் இழைத்தோமே என்று எறிபத்தர் அந்த வாளைத் தம் கழுத்திலேயே வைத்துக்கொள்கிறார். பாய்ந்து சென்று வாளையும் கையையும் பற்றியவர் அந்த மன்னரே. அதே புகழ்ச்சோழர் பின்னொரு நாள், போரில் வெட்டிக் கொணர்ந்த தலைகளில் ஓர் அடியாரின் சடைத்தலை இருக்கக் கண்டு, அதை ஏந்திக்கொண்டு எரிபுகுந்தார். அன்று தெய்வக் கையும் வரவில்லை. மந்திரிகள் சூழ்ந்த சபையில் மனிதர் கையும் வரவில்லை. அரசர், தெளிந்தவர், பிறரைத் தடுக்கத் தெரிந்தவர், அவருக்கென்ன என்று எண்ணிவிட்டார்கள் போலும். வீட்டைத் தாங்குகிற தகப்பன்மார்களையும், பிறர் குறை கேட்டே பொழுது போகும் வைத்தியர்களையும் ஆசிரியர்களையும் நாம் இப்படித்தான் எண்ணிவிடுகிறோம். சேக்கிழார் இரண்டு நிகழ்ச்சிகளையும் ஒருவர் வாழ்விலேயே நிகழ்ந்தனவாகப் பதிவு செய்திருப்பதை நம் பிரசங்கிகள் இன்னும் கொஞ்சம் நிறுத்திச் சொல்லலாம்.

சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் சந்நிதி திங்களிலும் வெள்ளியிலும் திறக்கிறபோது வந்து நிற்கிற கூட்டத்தில், மொட்டையடிக்க வந்தவர்கள் போக, யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்ல வந்தவர்களும் இருப்பார்கள். கல்லங்குறிச்சியிலும் ஏலாக்குறிச்சியிலும் அப்படியே. கோயில் அறங்காவலர்களையும் விழாக் கமிட்டியாரையும் பங்குத் தந்தையரையும் நான் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. நோட்டீஸில் உபயதாரர் பெயர்களுக்குக் கீழே ஒரு வரி இடம் ஒதுக்கி, இரவும் பகலும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசக்கூடிய டெலி மானஸ் எண் 14416ஐயும், சிநேகாவின் 044-24640050ஐயும் அச்சிடுங்கள். அப்படியே கோயில் சுவரிலும் பெரிய எழுத்தில் எழுதிவையுங்கள்.